பாலம் இல்லாத நாலு நாள்

மகாராணி படம் மாட்டாத ஆபீஸே இல்லாத காலம் அது. ஒரு ரயில் கம்பெனி. அதற்கு ஒரு பெரிய ஆபீஸ். ஆபீஸின் பின்கட்டில் ஒரு ரெக்கார்டு அறை. வண்டி ஓடியதோ இல்லையோ, காகிதம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆணி வாங்கினால் மூன்று பிரதி. ஒன்றுமே நடக்காத நாள் என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று நாலு பிரதி.

அந்த அறைக்கு ரெக்கார்டு கீப்பர் சவரிமுத்து. வயது முப்பத்து நாலு. அவரிடம் வேலை கற்க வந்த சீடர் வரதராஜுலு நாயுடுவுக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷம் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் குப்பை கொட்டியவர்.

"ஆறு மாசம் சவரிமுத்துவிடம் கற்றுக்கொள். புது ஆபீஸுக்கு நீதான் ரெக்கார்டு கீப்பர்" என்று துரை சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான், பதினெட்டு வயது இளையவரை நாயுடு பல்லைக் கடித்துக்கொண்டு 'ஐயா' என்று கூப்பிட்டு வந்தார்.

நாலு மாசம் ஆயிற்று. பிடித்துக்கொண்டது தும்மல் ஒன்றுதான்.

"ஐயா, ரெக்கார்டு எப்படி வைக்கணும்?" என்று முதல் மாசம் கேட்டார்.

"ஈரம் படாம."

இரண்டாம் மாசமும் அதையே கேட்டார்.

"எடுத்த இடத்துல."

இதற்கு ஒரு குரு வேறு! கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நாயுடு தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் நெட்டோடை ஸ்டேஷன் காகிதக் கட்டு திரும்பி வந்தது. மூன்றாவது தடவை.

விஷயம் இதுதான். நெட்டோடையைத் தாண்டி ஒரு மைலில் ஒரு கேட். அங்கே ஒரு சாயங்காலம் மெயில் வண்டி ஒரு மாட்டுவண்டியை இடித்துவிட்டது. ஒரு மாடு செத்தது. வண்டிக்காரருக்குக் கால் ஒடிந்தது. கேட் திறந்து கிடந்தது ஏன் என்பது கேள்வி.

ஸ்டேஷன் புத்தகம் சொன்னது, மெயில் ஐந்து இருபதுக்குச் சரியாகக் கடந்தது என்று. ஊர் மணியக்காரர் எழுதிய கடிதம் சொன்னது, இடித்தது விளக்கு வைக்கிற நேரம், ஆறு மணி என்று.

மேலிடத்துக்காரர்கள் கட்டின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். 'ஐந்து இருபதுக்குப் போன வண்டி ஆறு மணிக்கு எப்படி இடித்தது? ஒத்துப்போகும்படி ஒரு பக்கக் குறிப்பு எழுதி சனிக்கிழமைக்குள் அனுப்பவும்.'

அன்றைக்கே சனிக்கிழமை. குறிப்பு எழுத வேண்டியவர் நாயுடு. துரைக்குத் தமிழ்க் கடிதம் படிக்கத் தெரியாது. அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு.

கேட் காவல்காரர் சடையனைக் கைநாட்டுக்காக வரவழைத்திருந்தார்கள். காலையிலிருந்து வராந்தா தூணோரம் குந்தியிருந்தார். கேட் பக்கத்தில் கம்பெனி கொடுத்த குடிசைதான் அவருக்கு வீடு. வேலை போனால் வீடும் போகும். கூடவே மாஜிஸ்திரேட்டு, ஜெயில்.

நாயுடு அரை மணியில் எழுதி முடித்து, காகிதத்தைக் குருவின் முன்னால் வைத்தார்.

"ஒத்துப்போயிடுச்சு ஐயா."

"எப்படி?"

"மணியக்காரர் கிட்ட ஏது கடியாரம்? விளக்கு வைக்கிற நேரம்னு எழுதறதெல்லாம் ஒரு நேரமா? அதை விட்டுட்டேன். மெயில் ஐந்து இருபதுக்கு வந்தது, கேட் திறந்திருந்தது, இடிச்சது. முடிஞ்சுது."

"சடையன் என்ன சொல்றார்?"

"அவன் என்ன சொல்லுவான், தூங்கலைம்பான்."

"கேட்டீங்களா?"

நாயுடுவுக்குச் சுர்ரென்று வந்தது. கதவோரம் போய், "ஏம்ப்பா, அன்னைக்கு என்னதான் நடந்தது, சொல்லித் தொலை" என்றார்.

சடையன் எழுந்து நின்றார். "அஞ்சு மணி மில்லு சங்கு ஊதினதும் கேட்டைச் சாத்தினேன் சாமி. வண்டி வரல. எட்டு மாட்டுவண்டி நிக்குது. வாயில வராத வசவெல்லாம் வையறாங்க. வண்டி லேட்டுன்னா ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வந்து சொல்லணும். யாரும் வரல. பொழுது சாஞ்சிருச்சு, வண்டி முன்னாடியே போயிருக்கும் போலன்னு திறந்தேன். கடைசி வண்டி தாண்டறப்ப மெயில் வந்திருச்சு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"மூணு தடவை கைநாட்டு வாங்கினாங்க. யாரும் கேக்கல சாமி."

நாயுடு உள்ளே வந்து, "வாய்க்கு வந்தபடி சொல்றான். ஸ்டேஷன் புத்தகம் பொய் சொல்லுமா?" என்றார்.

சவரிமுத்து சுவரோர ஏணியைக் காட்டினார். "நெட்டோடை புத்தகம் ஒண்ணு வேணும். பன்னிரண்டு வருஷம் முந்தினது, நவம்பர். மேல் தட்டு" என்றார்.

ஆரம்பிச்சுட்டாருய்யா! சனிக்கிழமை மத்தியானம், வயிறு கூப்பாடு போடுகிறது, இவருக்குப் பன்னிரண்டு வருஷத்துப் புத்தகம் வேண்டுமாம். நாயுடு ஏணியில் ஏறினார். தூசி கொட்டியது. ஆறு தும்மல் தும்மினார். புத்தகத்தோடு இறங்கி, பொத்தென்று மேஜையில் போட்டார்.

திறந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, என் கையெழுத்து! நெட்டோடையில பதினோரு வருஷம் இருந்தேன் ஐயா. பாருங்க, ஒரு அடித்தல் திருத்தல் உண்டா? ஒரு வண்டி லேட் உண்டா?"

"ஒண்ணுகூட இல்ல."

"இப்ப இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் என்கிட்ட வேலை பழகினவர்தான். அந்த லைன்ல பாதிப் பேருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"காலையில வந்ததும் கால அட்டவணையைப் பார்த்து அன்னைக்கு வர்ற வண்டி எல்லாத்தையும் ஒரே மூச்சுல எழுதிடணும். அப்புறம் நாள் பூரா நிம்மதி. லேட்டுன்னு எழுதினா மேலேர்ந்து ஏன் எதுக்குன்னு கடுதாசி வரும். நமக்கு எதுக்கு அந்தத் தலைவலி?"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது நாயுடுவின் காதில் விழுந்தது.

"ஒன்பதாம் தேதி படிங்க" என்றார் சவரிமுத்து.

"மெயில், ஐந்து இருபது. சரியான நேரம்."

"பத்து?"

"ஐந்து இருபது. சரியான நேரம்."

"பதினொண்ணு, பன்னிரண்டு?"

"அதேதான்." குரல் இறங்கிவிட்டது.

சவரிமுத்து மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கட்டை எடுத்து நாடாவை அவிழ்த்தார். இஞ்சினீயர் அனுப்பிய தந்தி அது. நவம்பர் ஒன்பது, விடிகாலை வெள்ளத்தில் நெட்டோடைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நாலு நாள் அந்த லைனில் வண்டி கிடையாது.

நாயுடுவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மச்சினிக்குக் கல்யாணம். ஒரு வாரத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே நாலு நாள் மழை விடாமல் கொட்டியது. பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க வந்து சேர்றதுக்கு முந்தின நாளே."

"நாலு மாசமா ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா!"

"எப்படி வைக்கணும்னுதான் கேட்டீங்க. எப்படி எழுதணும்னு கேக்கல."

நாயுடு தாம் எழுதிய குறிப்பைப் பார்த்தார். அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை. கதவு வழியாகப் பார்த்தால் சடையனின் கால் மட்டும் தெரிந்தது. செருப்பில்லாத கால், கருங்கல் ஜல்லியில் நடந்து நடந்து வெடித்திருந்தது.

"நெட்டோடைப் புத்தகத்தை நம்பக்கூடாதுன்னு எழுதினா, ஆதாரம் எங்கேன்னு கேப்பாங்க."

"ஆதாரம் மேஜை மேல இருக்கு."

"என் கையெழுத்து ஐயா அது!"

"ஆமா. நல்லாத் தெளிவா இருக்கு. துரைக்குக்கூடப் புரியும்."

"புது ஆபீஸ் போயிடும். இருபத்தாறு வருஷத்துப் பேரும் போயிடும். நான் ஆரம்பிச்ச பழக்கம்னு என் கையாலேயே ஒரு வரி எழுதணும்ங்கறீங்களா? அது என்னால ஆகிற காரியமா?"

சவரிமுத்து புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதன் மேல் போட்டார்.

"பாலமே இல்லாத ஆத்துல நாலு நாள் மெயில் விட்டவர் நீங்க, நாயுடுகாரு. இந்த ஒரு வரியைத் தாண்ட மாட்டீங்களா?"

நாயுடு தாம் முன்பு எழுதிய குறிப்பை மடித்து ஒதுக்கி வைத்தார். பிறகு மைக்கூட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.