விலக்கு கேட்ட விமானி

கொரோனா சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலையில், கொங்கு நாட்டின் சிறிய விமானப் பயிற்சிக் கழகத்தில் இரண்டு இருக்கை விமானம் ஒன்று வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் தண்டபாணி, பம்புசெட் தொழில் செய்பவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

கற்றுக்கொடுத்தவர் கழகத்தின் பொறுப்பாளர் ஃபௌசியா. அவருக்குத் தண்டபாணியின் மகள் வயதுதான். ஆனாலும் தண்டபாணிக்கு அவர் டீச்சர்.

ஊரடங்கில் தண்டபாணி தன் சொந்த விமானத்தோடு கர்நாடகாவின் ஹூப்ளியில் மாட்டிக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் இங்கே அவர் மகள் நிவேதிதாவுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியை இதுவரை அவர் ஃபோனில்தான் பார்த்திருந்தார். பறக்க அனுமதி கிடைத்த அன்றே கிளம்பிவிட்டார்.

இறங்கியதும் சுகாதார ஆய்வாளர் அமிர்தலிங்கம் எதிரே வந்து, தள்ளியே நின்றார்.

"வெளி மாநிலத்திலிருந்து வர்றவங்க பதினாலு நாள் தனியா இருக்கணும் சார். இங்கேயே ரூம் தயார் பண்ணியிருக்கோம்."

"அது பஸ்லயும் ரயில்லயும் வர்றவங்களுக்குங்க. நான் தனியா வந்தேன். அத்தனை உயரத்துல என் பக்கத்துல யாருங்க இருந்தா?"

"உத்தரவுல விமானின்னு தனியா ஒண்ணும் இல்லை சார்."

"லாரி டிரைவருக்கு விலக்கு உண்டில்ல?"

"உண்டு."

"அவரும் எல்லை தாண்டித்தானே வர்றாரு?"

அமிர்தலிங்கம் மாவட்ட அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேட்டார். அங்கே யாருக்கும் தெரியவில்லை. சொந்த விமானத்தில் வருகிறவரைப் பற்றி அவர்கள் யோசித்ததே இல்லை. கழகப் பொறுப்பாளர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கச் சொன்னார்கள்.

ஃபௌசியா வந்தார். தண்டபாணி முகக்கவசத்தோடு கைகூப்பினார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். லாரி டிரைவருக்கு ஒரு நியாயம், விமானிக்கு ஒரு நியாயமா?"

"லாரியில அரிசி வருது சார். உங்க விமானத்துல என்ன வந்துச்சு?"

தண்டபாணி விமானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தானுங்க வந்தேன்."

ஃபௌசியா சிரித்துவிட்டார். அமிர்தலிங்கமும் முகக்கவசத்துக்குள் சிரித்தார்.

அதற்குள் வாசல் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. நிவேதிதா இறங்கினாள். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய குழந்தை. ஓடுபாதைக்கும் வாசலுக்கும் நடுவே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, குழந்தையின் முகத்தை மட்டும் காட்டினாள்.

"அப்பா, பாருங்க. உங்க மூக்கு."

குழந்தை பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. தண்டபாணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"விலக்கு கொடுக்கச் சொல்லுங்க டீச்சர். நான் யாரையும் தொடலை, யாருகூடவும் வரலை. இதுக்கு மேல என்னங்க வேணும்?"

ஃபௌசியா அவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அமிர்தலிங்கத்திடம் சொன்னார்.

"விட்டுடுங்க சார்."

"நிஜமாவா மேடம்?"

"என் பொறுப்பு."

கயிற்றை அவரே உயர்த்திப் பிடித்தார்.

"போங்க சார். பாப்பாவைத் தூக்குங்க."

தண்டபாணி வேகமாக நடந்தார். நிவேதிதா குழந்தையை நீட்டுவதற்கு வசதியாகத் துணியை விலக்கினாள். சின்ன விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன.

கயிற்றுக்கு அடியில் குனிந்தவர் அப்படியே நின்றார். நிமிர்ந்தார். பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"கண்ணு, நீ காருக்குப் போயிரு. கண்ணாடியை ஏத்திக்க."

"ஏம்ப்பா?"

"சொன்னாக் கேளு. அப்பா உள்ள இருந்து ஃபோன் பண்றேன்."

ஃபௌசியா இன்னும் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"ஹூப்ளியில பெட்ரோல் போட்டவருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுங்க. பாவம், பேச்சே வரலை. டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ரெண்டு பேரும் குடிச்சோம்."

"ஆய்வாளர்கிட்ட அதைச் சொல்லலையே?"

"மறைக்கலைங்க. சத்தியமா அப்ப நினைப்பு வரலை. பாப்பா விரலை நீட்டுச்சு பாருங்க, அப்பத்தான் வந்துச்சு."

ஃபௌசியா கயிற்றை விட்டார். அமிர்தலிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், ஆபீஸ்ல பதிலுக்குக் காத்திருக்காங்க. சொந்த விமானத்துல வர்றவங்களுக்கு விலக்கு உண்டா, இல்லையா?"

"சாரையே கேளுங்க."

அமிர்தலிங்கம் தண்டபாணியைப் பார்த்தார்.

"ரூமு எந்தப் பக்கமுங்க?" என்றார் தண்டபாணி.

அந்த அறையின் ஜன்னல் வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தது. கார் நிற்கிற இடம் நன்றாகத் தெரிந்தது. தினமும் காலையில் குழந்தையைக் காரில் கொண்டுவந்து காட்டுவதாக நிவேதிதா ஃபோனில் சொல்லிவிட்டாள். தண்டபாணிக்கு அதிலேயே பாதி துக்கம் போய்விட்டது. பையை உள்ளே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

வெளியே ஃபௌசியா புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் பாட்டுக்குக் குனிஞ்சு அந்தப் பக்கம் போயிருந்தா? பச்சைக் குழந்தைங்க. நீங்க எந்தத் தைரியத்துல கயித்தைத் தூக்கினீங்க?"

ஃபௌசியா ஓடுபாதையைப் பார்த்தார். காலை வெயிலில் அது வெறுமையாகக் கிடந்தது.

"ஓடுபாதை கண்ணு முன்னால தெரியுது, சக்கரம் தரையைத் தொடப்போகுது. அந்த நேரத்துலயும் வேண்டாம்னு தோணினா இறங்காம திரும்ப மேல ஏறிப் போயிடணும். அது உங்களுக்கு வந்த பிறகுதானே சார் உங்களைத் தனியா பறக்க விட்டேன்?"