முத்திரை வராத வாசல்

முன்னொரு காலத்தில், எங்கும் எல்லாமும் ஒரே விதமாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். பெயர் வீரகேது. அரண்மனைச் சேவல்கள் ஆளுக்கொரு நேரத்தில் கூவினால்கூட அன்று முழுக்க அவருக்கு மனசு சரியிருக்காது.

அவர் நாட்டில் பெரிய கல்விச்சாலை ஒன்று இருந்தது. தலைமைச் சாலை தலைநகரில் இருந்தது. மலையில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று, கடற்கரையில் ஒன்று என்று அதற்குக் கிளைகள் மூன்று. மலையில் பனி விலகிய பிறகுதான் பாடம் தொடங்குவார்கள். ஆற்றங்கரையில் அறுவடைக்கு விடுமுறை விடுவார்கள். கடற்கரையிலோ பௌர்ணமியன்று பகலில் வகுப்பே கிடையாது, ஏனென்றால் அன்று கடல் மதிலோரம் வரை வந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்ட ராஜா முகம் சுளித்தார். தலைமைச் சாலையின் பேராசான் சோமதேவர் அந்தச் சுளிப்புக்காகவே காத்திருந்தவர். ஓர் உடம்புக்கு நான்கு தலை ஆகாது என்று ராஜாவின் காதில் போட்டு, ஓர் ஆணையையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தார். தலைமைச் சாலையின் முத்திரை பதித்த ஓலை வராமல் கிளைச் சாலைகளின் மதிலுக்குள் எந்தக் காரியமும் நடக்கக் கூடாது என்பது ஆணை. முத்திரையை யாரும் எடுத்துப்போய்த் தவறாகப் பதித்துவிடக் கூடாதே என்று, தலைமைச் சாலையின் நடுத்தூணில் அதை இரும்புச் சங்கிலியால் பிணைத்தும் வைத்தார். ராஜா கையெழுத்திட்டார்.

சபையில் விகடகவி கூத்தன் எழுந்தான். "மகாராஜா, மதிலுக்குள் யாருக்காவது தும்மல் வந்தால் ஓலை வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டுமா?" என்று பணிவாகக் கேட்டான். சபை சிரித்தது, ராஜாவும் சிரித்தார். சோமதேவர் மட்டும் சிரிக்கவில்லை.

கூத்தனின் மனசு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கூத்தனின் மனைவி செண்பகவல்லி கடற்கரைச் சாலையில் வானமும் அலையும் கற்பித்தவள். அவள் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவள் வரைந்த நட்சத்திரப் படம் அங்கே கூடத்துச் சுவரில் இன்னும் இருந்தது.

சோமதேவர் எழுந்து, "மகாராஜா, விகடகவியையே கடற்கரைச் சாலைக்கு ஒரு மாதம் தலைவராக அனுப்புங்கள். ஆணை ஒருமுறை மீறப்பட்டாலும் சாலையை மூடிவிடலாம். மாணவர்களின் படிப்பு குறைந்தாலும் மூடிவிடலாம்" என்றார்.

ராஜாவுக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. மாத முடிவில் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

கடற்கரையில் கூத்தனை எதிர்கொண்டவள் நீலவேணி. செண்பகவல்லியிடம் படித்து, அவளுக்குப் பின் அவள் பாடத்தையே நடத்துகிறவள். ஆணையைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"ஓலை போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். பாடம் எடுத்தாலும் தப்பு, எடுக்காட்டியும் தப்பு. என்னண்ணே பண்றது?"

"எங்கே நடக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு, இன்னொரு தரம் படிம்மா."

"மதிலுக்குள்ள."

"அப்ப வெளியே வா."

அன்றைக்கே எல்லோரையும் வெளியே கூட்டி வந்தான். கூடத்துச் சுவரை ஒரு தரம் நின்று பார்த்தான். பிறகு வாசலைத் தானே சாத்தினான். பாடமெல்லாம் கரையில் தோணிகளுக்கு நடுவே நடந்தது. மணலில் வரைந்தார்கள், அலை அழித்தது, மறுபடி வரைந்தார்கள். மாணவர்கள் மீனவர் வீடுகளில் தங்கிக்கொண்டார்கள்.

மதிலுக்குள் நடக்க வேண்டியதற்கெல்லாம் கூத்தன் தலைநகருக்கு ஓலை அனுப்பினான். முற்றத்தைக் கூட்டலாமா? விழுந்த தேங்காயை எடுக்கலாமா? கூரையில் காகம் கூடு கட்டியிருக்கிறது, முட்டையிட அனுமதி உண்டா? முதல் நாள் சோமதேவர் பெருமையோடு படித்தார். ஐந்தாம் நாள் கண் எரிந்தது. இருபதாம் நாள் அவர் அறையில் முழங்காலளவுக்கு ஓலை. அதற்கு அடியில் எங்கோ, 'மகாராஜா வரும்போது வாசலைத் திறக்கலாமா?' என்று கேட்ட ஓர் ஓலையும் படிக்கப்படாமல் கிடந்தது.

மாத முடிவில் ராஜா வந்தார். அன்று பௌர்ணமி, போதாததற்கு மழை. சாத்திய வாசலுக்கு முன் கூத்தன் கைகட்டி நின்றான்.

"திற" என்றார் சோமதேவர்.

"முத்திரை ஓலை இன்னும் வரவில்லை, ஐயா."

"ஓலை எதற்கு? நானே நேரில் சொல்கிறேன்."

"முத்திரை கொண்டு வந்திருக்கிறீர்களா?"

சோமதேவருக்குத் தூணும் சங்கிலியும் நினைவுக்கு வந்தன.

தாடியில் மழை வடிய ராஜா உறுமினார். "நான் சொல்கிறேன், திற."

"மகாராஜா, நனையாத மகாராஜா ஒருவர் திறக்காதே என்று கையெழுத்திட்டிருக்கிறார். நனைந்த மகாராஜா திற என்கிறார். நான் யார் சொல்லைக் கேட்பது?"

ராஜாவுக்கு மீசை துடித்தது. அந்தச் சமயம் பார்த்து நீலவேணி ஓடிவந்தாள். "சாமி, தேரை மேட்டுக்கு ஏத்தச் சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி இங்க வந்துரும்."

"அதையெல்லாம் தலைமைச் சாலை ஆராய்ந்து சொல்லும்" என்றார் சோமதேவர்.

ராஜா தன் தேரை ஏற்றச் சொன்னார். சோமதேவர் தன் பல்லக்கை அசைக்க விடவில்லை. நீலவேணி சொன்னபடியே அலை வந்தது. பல்லக்கு மிதந்தது. பேராசான் இடுப்பளவு நீரில் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னிக்க வேண்டும், ஐயா. இந்த அலை மட்டும் ஓலை அனுப்பிக் கேட்கவில்லை" என்றான் கூத்தன்.

ராஜா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துத் தேர்த்தட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மழை விடும்வரை மாணவர்களோடு மேட்டில் ஏற்றி வைத்த தோணிகளின் மறைப்பில் இருந்து, காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் அவர்கள் தடுமாறவில்லை.

"ஆணையையும் மீறவில்லை, படிப்பும் குறையவில்லை" என்று சொல்லி ஆணையைக் கிழித்தார். "இனி எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம்? நீயே சொல்."

கூத்தன் சொன்னான்: "யாருக்குப் பட்டம், எவ்வளவு படித்தால் பட்டம் என்பதெல்லாம் நான்கு சாலைக்கும் பொது. அதை நான்கு சாலைத் தலைவர்களும் சபையாகக் கூடி முடிவு செய்யட்டும். நான்கு நாள் காத்திருக்க முடியாத காரியத்தை அந்தந்த இடத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சபை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாலையில் கூடட்டும்."

"அப்படியே ஆகட்டும். உனக்கு என்ன வேண்டும்?" என்றார் ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டபடி.

"இந்த வாசலின் இரண்டு கதவுகளும் வேண்டும்."

கதவுகளைக் கழற்றியதும் கூத்தன் யாருக்கும் காத்திராமல் உள்ளே போனான். சுவரில் படம் அப்படியே இருந்தது. கீழோரத்தில் செண்பகவல்லி ஒரு நட்சத்திரத்தைத் தவறாக வைத்துவிட்டு, அடித்து, பக்கத்தில் திருத்தியிருந்தாள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

கதவுப் பலகைகளைச் சேர்த்து நாற்புறமும் ஒரே அளவுள்ள மேடை ஒன்று செய்தார்கள். அதைச் சுற்றி நான்கு சாலைக்காரர்களும் உட்கார்ந்தார்கள். முதல் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, சோமதேவரிடமிருந்து நீலவேணிக்கு ஓர் ஓலை வந்தது. 'அம்மா, பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லவும்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது வீரகேது ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தாராம்.