கொசுறு கேட்ட அம்மா

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவ செண்பகம், சின்னவ அல்லி. அப்பாவுக்கு ஸ்பெயின் தேசத்துல கப்பல் கட்டுற வேலை. பொண்ணுங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் எல்லாரும் அங்க போயிடணும். ம் சொல்லு.

அம்மாவுக்கு ஒரே பயம். "அங்க ஸ்பானிஷ்ல பேசுவாங்களாமே, நான் எப்படிடி காய் வாங்குவேன்?"ன்னா.

அப்போ செண்பகம், அவ போனைப் பார்த்துப் பார்த்து அந்தப் பாஷையைக் கத்துக்கிட்டவ, கூடத்துல பாயை விரிச்சு ஒரு பொய்ச் சந்தை போட்டா. சந்தைதான் பொய், காயெல்லாம் நெசம். தக்காளியை எடுத்து "தொமாத்தே"ன்னா. வெங்காயத்தை எடுத்து "செபோயா"ன்னா. எலுமிச்சம்பழம் "லிமோன்". அம்மா ஒண்ணொண்ணாப் பேரு சொல்லி வாங்கி, பையில பொத்து பொத்துன்னு போட்டுக்கிட்டு, "கிராசியாஸ்"ம்பா. அது அந்த ஊரு நன்றி. சொல்லிட்டு செண்பகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு வேற.

அல்லிக்கு வயிறு குபுகுபுன்னு எரிஞ்சுது. அந்தக் கிராசியாஸ்ல ஒண்ணே ஒண்ணு தனக்கும் வேணும்.

மொத நாள், "நானும் கடை போடுறேன்க்கா"ன்னா.

"உனக்கு ஒரு வார்த்தை வருமா? ஓரமா உக்காந்து ஈ ஓட்டு."

அப்புறம் ரெண்டாம் நாள், ஒரு தக்காளியைக் கட்டிலுக்கடியில குடுகுடுன்னு உருட்டி ஒளிச்சா. யாரும் தேடவே இல்ல. அதுல இன்னும் எரிஞ்சுது. தூங்கிட்டியா? ம், சரி.

மூணாம் நாள், ரசம் தாளிக்க இல்லாம ரெண்டு பேரும் முழிக்கட்டும்னு, அடுப்படியில இருந்த கறிவேப்பிலைக் கொத்தை சரக்குன்னு உருவிக்கிட்டு கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டா.

அப்போ சந்தை முடிஞ்சுது. அம்மா பையைத் தூக்கினா. ஆனா நகரல. கையை நீட்டிக்கிட்டே நிக்கிறா.

"என்னம்மா?"

"கொசுறு எங்கடி? கறிவேப்பிலை போடாம எந்தக் கடைக்காரி அனுப்புவா?"

செண்பகம் போனைத் தடவு தடவுன்னு தடவினா. "அதுக்கு ஒண்ணும் வரலம்மா."

அம்மா மொகம் தொங்கிப்போச்சு. பையைக் கீழ வெச்சுட்டா. "கொசுறு கேக்க முடியாத சந்தைக்கு நான் வரல. நீங்களே போங்க."

கதவு கிரீச்சுன்னுது. அல்லி வந்தா. உள்ளங்கை பூரா கசங்கின கறிவேப்பிலை, கமகமன்னு. கொத்தை அம்மா பையில சொருகினா.

அம்மா குனிஞ்சு அவ மொகத்தைப் பார்த்தா. "கிராசியாஸ், அல்லி. நாளைக்கும் இந்தக் கடைக்குத்தான் வருவேன்."

இப்போ யாருக்கு வயிறு எரிஞ்சுது சொல்லு? ம், செண்பகத்துக்கு. "கடை என்னோடது"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

அப்போ அல்லி ஓடிப்போய் ஒளிச்ச தக்காளியை எடுத்து வந்து, அக்கா மடியில வெச்சு, "தொமாத்தே"ன்னா.

"இதை எப்போடி கத்துக்கிட்ட?"

"ஈ ஓட்டிக்கிட்டேதான்."

அக்கா நகர்ந்து பாய்ல இடம் விட்டா.

சந்தை கலைஞ்சுது, பாயைச் சுருட்டியாச்சு. கண்ணை மூடுடா கண்ணு.