குடை சாய்ந்த கதை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது காக்கை வெள்ளையாக இருந்த காலத்துக் கதை. அதெப்படி என்று கேட்பவர்கள் காக்கையிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். நான் கதையை நிறுத்தப் போவதில்லை.

அந்தக் காலத்தில் குன்றக்கோ என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு நாடு இருந்தது, ஒரு சிங்காதனம் இருந்தது, ஒரு வெண்குடை இருந்தது. நாடு சின்னது. சிங்காதனம் நடுத்தரம். குடைதான் பெரியது.

எவ்வளவு பெரியது? ஒரு தடவை அதை விரித்து வெயிலில் காயவைத்தார்கள். பொழுது போய்விட்டதென்று ஊர்க்கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் போய் அடைந்துகொண்டன. மடக்கினார்கள். விடிந்துவிட்டதென்று சேவல்கள் கூவின. நடுப்பகலில்!

அந்தக் குடையைப் பிடிக்கிறவன் பெயர் கொற்றன்.

அரசவை திறந்த முற்றத்தில் கூடும். கிழக்குப் பார்த்த சிங்காதனம். அதன் பின்னால் கொற்றன் நிற்பான். குடைக்காரனுக்கு அங்கே மூன்று கட்டளைகள். வாய் திறக்கக் கூடாது. கால் மாற்றக் கூடாது. குடை சாயக் கூடாது.

மூன்றாவதுதான் பெரிய கட்டளை. குடை சாய்ந்தால் ராஜ்ஜியம் சாய்ந்ததாக அர்த்தம். அந்த வார்த்தைக்கே அந்த ஊரில் பயம். வண்டி குடைசாய்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வண்டி படுத்துக்கிச்சு" என்பார்கள். அடியில் மாட்டிக்கொண்டவனும் அப்படித்தான் கத்த வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். குடை செங்குத்தாகவே நின்றால் காலை வெயில் யார் மேல் விழும்? ராஜாவின் முகத்தில். நிழல் எங்கே விழும்? பின்னால் உட்கார்ந்திருக்கும் அமைச்சர் வெண்காடர் மேல். அவருக்கு அந்த மூன்றாவது கட்டளை மீது தனி அபிமானம் இருந்தது. ஏனென்று நான் சொல்லவில்லை.

வாய்க்குக் கட்டளை, காலுக்குக் கட்டளை, கைக்குக் கட்டளை. மனசுக்கு யார் கட்டளை போடுவது? கொற்றனின் உடம்பு சிங்காதனத்துக்குப் பின்னால் நிற்கும். மனசு வேறு வேலைக்குப் போய்விடும்.

ஒருநாள் அவன் மாலுமி. குடைதான் பாய்மரம். அலை வந்தது. குடை லேசாக ஆடியது.

"கொற்றா, நிழல் ஏண்டா ஆடுது?" என்றார் ராஜா. பதில் இல்லை. "ஆமாமா, நீ பேசக் கூடாது இல்ல" என்று திரும்பிக்கொண்டார்.

ஒருநாள் அவன் சமையற்காரன். குடைக்காம்புதான் கரண்டி. பாயசம் அடிபிடிக்கப் பார்த்தது. குடை லேசாகச் சுற்றியது.

"கொற்றா, நிழல் ஏண்டா சுத்துது?" பதில் இல்லை. "ஆமாமா, நீ பேசக் கூடாது இல்ல."

ஒருநாள் அவன் திருடன். பூனைபோல மதில் ஏறினான். காவற்காரன் தும்மினான். குடை சட்டென்று பதுங்கியது.

"கொற்றா..." என்று ஆரம்பித்த ராஜா, தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் கொற்றன் வீட்டுக்கு வரும்போது வலது கை மரக்கட்டையாக இருக்கும். அவன் மனைவி நாச்சி எண்ணெய் காய்ச்சி அந்தக் கையை நீவிவிடுவாள். நீவிக்கொண்டே கேட்பாள்.

"இன்னைக்கு என்ன வேலைக்குப் போனீங்க?"

"கப்பல் ஓட்டினேன்."

"எனக்கு என்ன கொண்டு வந்தீங்க?"

அவன் வெறும் கையை விரிப்பான். "முத்து."

அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "சின்னதா இருக்கே."

இன்னொரு நாள் அவன் பாயசம் கொண்டு வருவான். அவள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "வெல்லம் கம்மி" என்பாள்.

திருடனாகப் போன நாள் அவன் சொன்னான்: "அமைச்சர் வீட்டுத் தூக்கத்தைத் திருடிக்கிட்டு வந்தேன்."

"கொடுங்க, கொடுங்க. இந்த வயித்தை வச்சுக்கிட்டு எனக்குத்தான் தூக்கமே இல்ல" என்றாள் நாச்சி. அப்போது அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வேலைக்குப் போகிற கொற்றனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கதை ஒன்று உண்டு. சின்ன வயதில் சந்தையில் ஓர் உப்பு வண்டிக்காரன் சொல்லிக் கேட்டது.

ஒரு செம்படவன் வலை வீசினானாம். மீன் மாட்டவில்லை, காற்று மாட்டியது. சாக்கில் போட்டு வாயைக் கட்டினான். பட்டணத்தில் கப்பல்காரர்களிடம் விற்றால் மாடமாளிகை கட்டலாம் என்று தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வழியில் ஒரு மொட்டை வெளி. அங்கே யாரோ ஓர் அந்நியன், வேர்வை ஊற்ற, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான். செம்படவன் அவனைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்த்தான். மறுபடியும் நடந்தான். மறுபடியும் திரும்பிப் பார்த்தான். கொஞ்சம்தானே என்று சாக்கின் வாயை அவிழ்த்தான். காற்று மொத்தமும் போய்விட்டது. வெறும் சாக்கோடு வீட்டுக்கு நடந்தான். ஆனால் அந்தக் காற்று அவன் கூடவே வீடு வரைக்கும் வந்ததாம்.

அவ்வளவுதான் கதை. கொற்றன் அதை எத்தனை தடவை மனசுக்குள் நடந்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

அப்படியிருக்கையில் பக்கத்து நாட்டிலிருந்து ஒரு தூதுவர் வந்தார். வயதானவர். உறவா பகையா என்று முடிவு செய்யும் சேதியோடு வந்திருந்தார். உச்சிவெயில். தூதுவன் நிழலில் நிற்பது மரியாதையில்லை என்பது அந்தக் கால வழக்கம். சிங்காதனத்தின் முன்னால், வெறும் தலையோடு நின்று, அவர் சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீளமான சேதி. ராஜாக்களின் பட்டப்பெயர்களே பாதிப் பொழுதைத் தின்றுவிட்டன.

அன்றைக்குக் கொற்றன் செம்படவன். தோளில் காற்று மூட்டை. மொட்டை வெளியில் நடந்துகொண்டிருந்தான். அந்நியன் உட்கார்ந்திருக்கும் இடம் வந்தது. நிமிர்ந்து பார்த்தான். எதிரே நிஜமாகவே ஓர் அந்நியர். புருவத்திலிருந்து வேர்வை சொட்டியது. உதடு காய்ந்திருந்தது.

மூட்டையை அவிழ்ப்பதாக நினைத்துக்கொண்டு கொற்றன் கையைச் சரித்தான்.

குடை முன்னால் சாய்ந்தது. ராஜாவின் தலையிலிருந்த நிழல் வழுக்கிப் போய்த் தூதுவர் தலையில் விழுந்தது.

"ஐயோ, சாஞ்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். சொல்லக் கூடாத வார்த்தை வாயில் வந்ததும் கத்தினவனே மயங்கி விழுந்தான். அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார். கொற்றன் விழித்துக்கொண்டு குடையை நிமிர்த்தினான். என்ன பயன்? எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

தூதுவர் பேச்சை நிறுத்தினார். "கண்டதை ஒளிக்காமல் சொல்வது என் கடமை. குடை சாய்ந்தது என்று கேட்டால் எங்கள் ராஜா படையைக் கிளப்புவார். மாலையில் நான் புறப்படுகிறேன். அதற்குள் இதற்குப் பொருள் சொல்லுங்கள்" என்றார்.

ராஜா கொற்றனைப் பார்த்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "சாயங்காலம் வந்து நீயே காரணம் சொல்லு. தூதுவர் மனசு ஒப்பினால் நீ இருக்கலாம். இல்லையென்றால் உன் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய்விடு. என்னால் வேறு செய்ய முடியாது கொற்றா."

எல்லைக்கு அப்பால் என்ன இருந்தது? பக்கத்து நாட்டுக்குப் போகிற வழி நெடுகக் கல் இருந்தது, முள் இருந்தது. தண்ணீர் இல்லை.

கொற்றன் வீட்டுக்குப் போனான். நாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"என்னால உனக்கு இந்தக் கதி. இனிமே அந்தப் பாழாப்போன கப்பலும் வேணாம், பாயசமும் வேணாம். குடைக்காரன் குடையை மட்டும் நெனச்சிருக்கணும்" என்றான்.

"கையைக் கொடுங்க" என்றாள் அவள். நீவிவிட்டாள். "இன்னைக்கு என்ன வேலைக்குப் போனீங்க?"

"நாச்சி, இது விளையாடுற நேரமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"செம்படவன்."

அவள் கை நின்றது. அந்தக் கதை அவளுக்கும் மனப்பாடம். "மூட்டையை அவிழ்த்துட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப போய் அதையே சொல்லுங்க. இத்தனை நாளும் முத்து கொண்டாந்தீங்க, பாயசம் கொண்டாந்தீங்க. பொய் மட்டும் கொண்டாந்ததில்ல. அதை இன்னைக்குப் புதுசா கொண்டு வராதீங்க."

அரண்மனை வாசலில் அமைச்சர் வெண்காடர் காத்திருந்தார். "அடேய் கொற்றா, காத்து அடிச்சதுன்னு சொல்லிடு" என்றார்.

"காத்து அடிக்கலீங்களே."

"குளவி கொட்டுச்சுன்னு சொல்லேன்."

"குளவி கொட்டலீங்களே."

"சரி, கை மரத்துப் போச்சுன்னாவது சொல்லித் தொலை! கட்டளையும் பிழைக்கும், நீயும் பிழைப்பே!"

"கை தெனமும் மரத்துத்தான் போகுதுங்க. ஒருநாளும் சாயலையே" என்று சொல்லிவிட்டுக் கொற்றன் உள்ளே போனான்.

சபை கூடியிருந்தது. குடையை மடக்கி ஒரு மூலையில் நிறுத்தியிருந்தார்கள். "வாய் திறக்கலாம்" என்றார் ராஜா. கொற்றன் திறந்தான். முதலில் தவளைச் சத்தம்தான் வந்தது. அந்த முற்றத்தில் அவன் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கப்பலைச் சொன்னான். பாயசத்தைச் சொன்னான். திருடனையும் சொன்னான், அமைச்சரின் தூக்கத்தை மட்டும் விட்டுவிட்டு. கடைசியில் செம்படவன் கதையைச் சொன்னான்.

"மூட்டையை அவிழ்த்தேனுங்க. குடை சாஞ்சிருச்சு. வேற காரணம் எனக்குத் தெரியாதுங்க."

எல்லோரும் தூதுவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"அந்தச் செம்படவன் அப்புறம் என்ன ஆனான்?"

"வெறும் சாக்கோட வீட்டுக்குப் போனானுங்க. காத்து கூடவே போச்சுங்க."

தூதுவர் தலையசைத்தார். பிறகு சொன்னார். "தலை நரைக்கும் வரை சபை சபையாக நின்றிருக்கிறேன். நான் சொன்ன சேதியை எல்லோரும் கேட்டார்கள். என் வேர்வையை இவன் ஒருத்தன்தான் பார்த்தான். எங்கள் ராஜாவிடம் போய்ச் சொல்வேன்: ஆமாம், அந்த நாட்டுக் குடை சாயும். வெயிலில் நிற்கிறவன் பக்கமாகச் சாயும். அப்படிப்பட்ட நாட்டோடு சண்டைக்குப் போகிறவன் மனிதனா?"

ராஜா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அது சரி. நடுவில் என் மண்டை கொதித்ததே, அதை யார் கேட்பது?" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. மயங்கி விழுந்தவன்கூட எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு அந்தக் குடைக்கு வந்த வாழ்வைக் கேளுங்கள். கொற்றனுக்குள் இருந்த மாலுமி அதற்குக் கயிறு கட்டினான். பாயைத் திருப்புவதுபோல வெயில் வரும் பக்கம் திருப்பினான். காலையில் முதல் தடவையாக ராஜாவின் முகத்தில் நிழல் விழுந்தது. அமைச்சரின் முகத்தில் வெயில் விழுந்தது. "மகாராஜா, சாயுது, சாயுது!" என்றார் அவர். "சாயட்டும்" என்றார் ராஜா. கொற்றனுக்குள் இருந்த சமையற்காரன் குடையின் ஓரத்தில் வெட்டிவேர் கட்டித் தண்ணீர் தெளித்தான். முற்றமே மணத்தது. கொற்றனுக்குள் இருந்த திருடன் சத்தமில்லாமல் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தான். வழக்கு சொல்ல வந்த கிழவியின் தலைக்கு எப்போது நிழல் வந்தது, எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

காலையில் ராஜா திரும்பாமலே ரகசியமாகக் கேட்பார். "இன்னைக்கு என்ன வேலை கொற்றா?"

"தச்சு வேலைங்க."

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போ."

நாச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒருநாள் கொற்றன் வீட்டுக்கு வந்தபோது குழந்தை தூளியில் கிடந்தது. அவன் கையை நீவிக்கொண்டே நாச்சி கேட்டாள்.

"இன்னைக்கு என்ன வேலைக்குப் போனீங்க?"

கொற்றன் யோசித்தான். "குடை பிடிச்சேன்."

"குடை மட்டுமா?"

"குடை மட்டும்தான். அதுவே நல்லா இருந்துச்சு."

"அப்ப எனக்கு என்ன கொண்டு வந்தீங்க?"

அவன் கையை விரித்தான். வெறும் கை. அப்போது கூரையின் ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் ஒரு கீற்றாக இறங்கிக் குழந்தையின் கண்ணில் விழுந்தது. குழந்தை முகத்தைச் சுளித்தது. கொற்றன் எழுந்து, விரித்த அந்தக் கையை வெயிலுக்குக் குறுக்கே பிடித்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல் குழந்தையின் முகத்தில் விழுந்தது. சுளிப்பு மாறியது.

"இதுதான்" என்றான்.

நாச்சி அன்றைக்குச் சின்னதா இருக்கே என்று சொல்லவில்லை. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் வீட்டுக்குள் எங்கிருந்தோ கொஞ்சம் காற்று வந்து தூளியை ஆட்டியது. அது யாருடைய காற்று என்று உங்களுக்குத் தெரியும்.

கதை முடிந்தது, நீதி மட்டும் மிச்சம்: பிடித்த கதையையும் பார்க்காத வேலைகளையும் மனசில் சுமந்து திரிகிறவனுக்குக் கையில் இருக்கிற வேலை ஒருநாளும் பழசாவதில்லை.