புரட்டாசியின் கடைசி லோடு

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் அன்று புரட்டாசி கடைசி நாள். ஐப்பசி பிறந்தால் மழை, உப்பளத்தை மூடிவிடுவார்கள். அம்பாரத்தில் மிச்சம் ஒரே லோடு உப்பு. லாரிகள் இரண்டு. முன்னால் அருளப்பனுடையது, பின்னால் மாசானத்துடையது.

அங்கே லாரிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம். வரிசையில் நிற்கும்போது யாரும் கதை விடலாம். கேட்பவர் "பொய்" என்று சொல்லிவிட்டால், தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

உப்பளத்து டீக்கடையில் உட்கார்ந்து மாசானம் பீடியைப் பற்றவைத்தார்.

"பூமிய ஓட்டுற டிரைவர் லீவு போட்டப்ப ஒரு வருசம் நாந்தான் ஓட்டுனேன்."

"லைசென்ஸ் இருந்துச்சா அண்ணாச்சி?" என்றார் அருளப்பன்.

"கனரக வண்டிதான வே! சூரியனச் சுத்தி ஒரு நடை. பாதை சரியான வட்டமில்ல, லேசா இழுபட்டிருக்கும். மார்கழியில சூரியன் பக்கத்துல வரும்போது ஒரே எறக்கம். வண்டி நிக்கல. இருபத்தொம்பது நாள்ல மாசம் முடிஞ்சிட்டு. ஆனியில தூரமாப் போகணும், ஏத்தம். ரெண்டாவது கியர்ல முக்கி முக்கி முப்பத்திரெண்டு நாள். பஞ்சாங்கத்தப் பாரும்."

அருளப்பன் டீக்கடைப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மார்கழி இருபத்தொன்பது. ஆனி முப்பத்திரண்டு. திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.

உப்பு சுமக்கும் பேச்சித்தாய் விடவில்லை. "சூரியன் பக்கத்துலன்னா மார்கழியில ஏன் குளிருது?"

"பூமி சாஞ்ச லோடு தாயி. அப்ப நம்ம பக்கம் சூரியன விட்டு விலகிச் சாஞ்சிருக்கும். அது நான் கட்டுன லோடு இல்ல."

"அதான பாத்தேன்!"

"செவ்வாய ஓட்டுறவன் வழியில அழுதுக்கிட்டு நின்னான். அவன் பாதை இன்னும் கோணல். ஒரு பருவத்துக்கும் இன்னொண்ணுக்கும் அம்பது நாள் வித்தியாசமாம். எறங்கிப் போயி பிரேக் பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன். நம்ம வெயில் காலம் குளிர்காலத்தவிட நாலு நாள் கூட இருக்குல்ல? உப்பளத்துச் சனம் பொழைக்கட்டும்னு நான் பிரேக்க மிதிச்சது!"

அருளப்பனின் உதடு "பொ" வரை குவிந்தது. மாசானம் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். அருளப்பன் மிச்ச டீயைக் குடித்து வாயை நிரப்பிக்கொண்டார். நிதானமாக விழுங்கினார்.

"முழுசா நம்புறேன் அண்ணாச்சி. அன்னிக்கு மிதிச்ச கால இப்பவும் பிரேக்ல வையுங்க. ஐப்பசி பிறக்க இன்னும் நாலு நாள் ஆகட்டும். புது உப்பு விளையும், நீங்க ஏத்திக்கிடுங்க. இன்னிக்கு இருக்கிறத நான் ஏத்திக்கிடுதேன்."

முடியாது என்று மாசானம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை பொய்யாகிவிடும். பேச்சித்தாய் சிரித்தபடி முதல் கூடையை அருளப்பன் லாரியில் கொட்டினாள்.

மறுநாள் ஐப்பசி ஒன்று. விடியும்போதே மழை.