வாய் திறக்காத மூன்றாவது ஓட்டு

கடலோர அணுமின் நிலையம் ஒன்றுக்குப் புதிதாக வந்த மேலாளர் வேதமாணிக்கம், கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மூணு அழுத்தமானியில ஒண்ணு பழுது சார்," என்றாள் ஒப்பந்தத் தொழிலாளி சுயம்புக்கனி. "ரெண்டு மானி ஆபத்துன்னு சொன்னா உலை தானா நின்னுடும். பழுதானதை ஆபத்துன்னு சொன்னதாவே வச்சிருக்கோம், அதான் விளக்கு எரியுது. இன்னும் ஒண்ணு சொன்னாப் போதும்."

"பேசாம இருந்தா எல்லாம் சரின்னுதானே அர்த்தம்? பழுதானதைச் சரின்னு மாத்திடு. மத்தியானம் ஆய்வுக்கு டெல்லி ஆட்கள் வர்றதுக்குள்ள விளக்கு அணையலைன்னா உனக்கு வேலை இல்லை."

அரைமணி நேரத்தில் அவள் ஒரு தாளை நீட்டினாள். மேலாளர் அறையைப் பம்ப் கொட்டகைக்கு மாற்ற, நிலையத்தில் இடம் ஒதுக்கும் மூவர் குழு சம்மதம் என்றிருந்தது. வேதமாணிக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"யார் சம்மதிச்சது?"

"சாமிதாஸ் சார் சரின்னார். இன்னொருத்தர் வேண்டாம்னார். ரோஸ்லின் மேடம் லீவு, பேசலை. அதனால அவங்களும் சரி."

"பேசாதவங்க எப்படிச் சம்மதிச்சதா ஆகும்?"

"நீங்க இப்பச் சொன்ன கணக்குதான் சார்."

அவர் தாளைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "அப்ப பேசாததை எதுலதான் சேர்க்கிறது?" என்று குழம்பிப்போய்க் கேட்டார்.

"ஆபத்துல சேர்த்தா, உலை ஒருநாள் வீணா நிக்கலாம். சரியில சேர்த்தா, நிக்க வேண்டிய அன்னைக்கு நிக்காமப் போகலாம்."

மத்தியானம் வந்தவர்கள் எரியும் விளக்கைக் காட்டிக் காரணம் கேட்டார்கள். வேதமாணிக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தம்மாவையே கேளுங்க," என்று விலகி வழிவிட்டார்.