இரண்டு துடிப்புக்கு நடுவே

"தினமும் கேட்டேன் மேடம். கடைசி வரைக்கும் துடிப்பு நல்லாத்தான் இருந்தது. அப்புறம் ஏன் என் பிள்ளை சொல்லாமப் போனா?"

டாக்டர் ஜெபராணி இப்படிக் கேட்டபோது டாக்டர் சுலைகா ஸ்கேன் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 

ஜெபராணி கோவில்பட்டியில் பிரசவ மருத்துவர். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கை. அவருடைய ஒரே மகள் மட்டும் எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனாள். எடுத்துப் பார்த்தபோது, இருக்க வேண்டிய எடையில் பாதிகூட இல்லை. அதன்பிறகு அவருக்குப் பிள்ளை தங்கவில்லை.

வயிற்றுப் பிள்ளைகளைப் பார்ப்பதில் சுலைகா கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டுத் தூத்துக்குடிக்கு அவரிடம் படிக்க வந்திருந்தார் ஜெபராணி. சுலைகா அவரைவிட மிகவும் இளையவர்.

"நாளைக்கு வாங்கக்கா," என்றார் சுலைகா. "காது மட்டும் போதும்."

மறுநாள் சுலைகா திரையைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தார். கட்டிலில் ஒரு கர்ப்பிணி படுத்திருந்தாள். ஜெபராணியின் கையைப் பிடித்து, கருவியோடு அவளுடைய அடிவயிற்றின் ஓரத்தில் வைத்தார்.

"பிள்ளை நடுவுலதானே இருக்கு மேடம்?"

"இருக்கட்டும்."

"இங்க அம்மாவோட ரத்தம் ஓடுற சத்தம்தானே கேக்கும்?"

"ஆமா. கர்ப்பப்பைக்குப் போற ரத்தம். கேளுங்க."

ஹூஷ்ஷ்ஷ்... ஹூஷ்ஷ்ஷ்... நிதானமான, நீண்ட சத்தம்.

இப்படியே பல நாள். ஒவ்வொரு தாய்க்கும் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். அதற்குமேல் சுலைகா எதுவும் கற்றுத்தரவில்லை. ஜெபராணியின் காது வேறொரு சத்தத்துக்கு ஏங்கியது. கை தானாக வயிற்றின் நடுவுக்கு நழுவும். சுலைகா திருப்பி ஓரத்துக்குக் கொண்டுவருவார்.

ஒருநாள் சுலைகா வெளியே போயிருந்தார். ஜெபராணி கருவியை நடுவில் வைத்தார்.

டுக்குடுக்குடுக்கு என்று அது ஓடிவந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் டாக்டர் அழுறீங்க? பிள்ளைக்கு ஏதாவது...?" கட்டிலில் இருந்தவள் பதறினாள்.

"இல்லம்மா. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

சுலைகா வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை. ஜெபராணி கண்ணைத் திறக்கும்வரை பொறுத்திருந்தார்.

"எனக்கு இந்தச் சத்தம் போதும்னு இருக்கு மேடம்."

"உங்களுக்குப் போதும்," என்றார் சுலைகா. "இவங்களுக்கு?"

கையைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்தினார்.

அடுத்த வாரம் மாரிச்செல்வி வந்தாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். ஆறாம் மாதம். கடையில் நின்று நின்று கால் வலிக்கிறது, வேறு ஒரு குறையும் இல்லை என்றாள்.

ஜெபராணி வலப்பக்கம் வைத்தார். இடப்பக்கம் வைத்தார். மறுபடி வலப்பக்கம்.

"என்ன கேக்குதுக்கா?"

"ஒரு தள்ளு. அப்புறம் ஒண்ணுமில்ல. அடுத்த தள்ளு வர்ற வரைக்கும் ஒண்ணுமே இல்ல."

"மத்தவங்களுக்கு?"

"ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்தது வந்துரும். நடுவுல ஓட்டம் நிக்காது."

"இப்போ பிள்ளையைக் கேளுங்க."

அவர் எத்தனையோ நாளாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் கை சட்டென்று நகரவில்லை. மெல்ல நடுவில் வைத்தார். துடிப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாருக்கே மேடம்!"

"நல்லாத்தான் இருக்கும். கிடைக்கிற கொஞ்ச ரத்தத்தை வச்சு அது ஓட்டிக்கிடும். வளர்றதைத்தான் நிறுத்தும்."

ஜெபராணி மாரிச்செல்வியின் சீட்டை எடுத்து, பிள்ளையின் எடையைத் தேடினார்.

மாரிச்செல்வியை அடிக்கடி வரச்சொன்னார்கள். வராத நாளில் ஜெபராணி போன் போட்டார். ஒருமுறை ஜவுளிக்கடைக்கே போய்க் கையோடு கூட்டிவந்தார். எட்டாம் மாதத்தில் பிள்ளை வளர்வது நின்றது. இனியும் உள்ளே விட்டுவைக்கக் கூடாது என்று சுலைகா அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்.

பெண் குழந்தை. இரண்டு கையிலும் அடங்குகிற அளவு. மெலிந்த குரலில் அழுதது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே இருவரும் நின்றார்கள்.

"அன்னைக்கு யாராவது என்னை இப்படிக் கேட்டிருந்தா, என் பிள்ளை பிழைச்சிருப்பாளா?"

சுலைகா அவர் பக்கம் திரும்பினார்.

"தெரியாதுக்கா. நல்லாக் கேட்டும் நான் சில பிள்ளைகளை இழந்திருக்கேன்."

ஆமாம் என்றால் அழுதிருக்கலாம். இல்லை என்றால் ஆறியிருக்கலாம். இரண்டும் கிடைக்கவில்லை. ஜெபராணி அங்கேயே நின்றார். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை, முதல்முறை கர்ப்பமான ஒரு பெண் வந்து படுத்தாள். மாப்பிள்ளை செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"டாக்டர், பிள்ளையோட துடிப்பைக் கேக்க வைப்பீங்களா?"

சுலைகா தள்ளி நின்றார். அசையவில்லை.

"வைக்கிறேம்மா," என்றார் ஜெபராணி. அவருடைய கை தானாகவே ஓரத்துக்குப் போயிருந்தது. "முதல்ல உன்னைக் கேட்டுக்கிறேன்."